பெரிய மனையில் பழைய வீடு: சென்னையில் விலை பேசும் முன் பார்க்க வேண்டியவை

அடையாறு காந்தி நகரிலோ, கீழ்ப்பாக்கத்திலோ, போயஸ் தோட்டத்திலோ, போட் கிளப் சாலையை ஒட்டிய தெருக்களிலோ ஐம்பது, அறுபது ஆண்டு பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால், தரகர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நாலு கிரவுண்டு சார், மேல ஒரு பழைய வீடும் இருக்கு." கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. விலை கிரவுண்டுக்கு இவ்வளவு கோடி என்றே சொல்லப்படும். வீட்டின் மதிப்பு அந்தப் பேச்சில் பூஜ்யம். இந்த வழக்கத்தால் வாங்குபவர்கள் இரண்டு விதமாக நஷ்டப்படுகிறார்கள். இன்னும் நாற்பது ஆண்டு நிற்கக்கூடிய வீட்டை விசாரிக்காமலேயே இடித்துவிடுகிறவர்கள் ஒரு வகை. தேக்குக் கதவையும் சிவப்பு ஆக்சைடு தரையையும் பார்த்து மயங்கி, மனையின் மேல் இருக்கும் சட்டச் சிக்கலைக் கவனிக்கத் தவறுகிறவர்கள் இன்னொரு வகை. கட்டுமானப் பொறியாளனாக வாங்குபவர்களின் சார்பில் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், நான் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன். முதலில் காகிதம், அடுத்து மனை, அதற்கும் பிறகே வீடு.

முதற்படி: எதற்காக வாங்குகிறோம்?

பழுது பார்த்துக் குடியிருக்கவா, இடித்துவிட்டு நமக்கென்று ஒரு வீடு கட்டவா, அல்லது கட்டுமான நிறுவனத்தோடு கூட்டாக அடுக்குமாடி எழுப்பவா? பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொத்துக்கு இந்த மூன்று நோக்கங்களிலும் மூன்று வெவ்வேறு மதிப்புகள் வரும். விற்பவர் கேட்கும் விலை எப்போதுமே மூன்றாவது நோக்கத்தின் விலைதான் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

இரண்டாம் படி: காகிதம்

இந்தப் பகுதிகளின் பழைய மனைகள் பலவும் ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று தலைமுறையாக இருப்பவை. காந்தி நகர் போன்ற இடங்கள் கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் மூலம் மனையாகப் பிரிக்கப்பட்டவை. அங்கே தாய்ப்பத்திரம் என்பது சங்கம் உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரம். அதிலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை சங்கிலி எங்கும் அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975ஆம் ஆண்டு முதலான வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, பழைய பதிவேடுகளில் தேடிப் பெற வேண்டும். வாங்கியது 1950களில் என்றால் அந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கமும் உண்டு. வங்கியில் அசல் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறைக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சென்னை போன்ற நகரங்களில் நெடுங்காலமாக இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பதிவு செய்யாமலே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே நகலைக் காட்டி, "அசல் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது" என்றால், அந்த லாக்கர் திறக்கும் நாள்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். அசலைக் கையில் வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, நகலோடு ஒப்பிட வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் வாரிசுரிமை. பாட்டனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு, அவருடைய தாயார் அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தத் தாயாரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவரும் பிற்பாடு இறந்திருந்தால், அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது உரிமையாளரின் அண்ணன், தம்பி, அக்காள், தங்கைகளுக்கும் போயிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் "நாங்க மூணு பேர்தான் வாரிசு" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள்; ஆனால் தஞ்சாவூரிலோ பெங்களூரிலோ இருக்கும் அத்தை மக்களுக்கு ஒரு சிறு பங்கு இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் பெயர்களை இறந்த தேதிகளோடு சேர்த்து ஒரு குடும்ப மரமாக வரைந்து பார்த்தால் ஓட்டை எங்கே என்று புலப்பட்டுவிடும்.

சொத்து மூதாதையர் வழியாக வந்தது என்றால் மகள்களின் உரிமை வேறு வழியில் வரும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர்களைச் சம பங்காளிகள் ஆக்கின. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. உயில் இருந்தால், சென்னை நகர எல்லைக்குள் அதற்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, பெறுவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்து வந்தது. பழைய உயிலின் வழியாக உரிமை வந்திருந்தால் புரொபேட் ஆணை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டி, இன்றைய சட்டநிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரிசுகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து அதிகாரப் பத்திரம் அனுப்புவது இப்போது சாதாரணம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும் என்பதால், கிரைய நாளன்று அவர்களைக் காணொளியில் பார்த்துப் பேசிவிடுவது என் வழக்கம்.

பெரிய மனைகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அரசு கையகப்படுத்தி, சுவாதீனமும் எடுத்துவிட்ட நிலம் அரசுடையதாகவே தொடரும். மனையின் பின்பகுதி காலியாகவே கிடந்து வந்திருந்தால், அதன் மேல் அந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை ஏதும் இருந்ததா என்று கட்டாயம் விசாரியுங்கள். மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் கோயில் நிலமா என்பதையும், எங்கானாலும் மனை ஒருவருடையதாகவும் கட்டடம் இன்னொருவருடையதாகவும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாடகை மனையில் சொந்தச் செலவில் கட்டியவர்களுக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமை தந்திருக்கிறது.

மூன்றாம் படி: மனை

பத்திரத்தில் எழுதியிருக்கும் அளவை நம்பி விலை பேசாதீர்கள். பட்டாவையும், டவுன் சர்வே பதிவேட்டின் நகலையும், அதன் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற நில அளவையாளரோடு போய் நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒருமுறை நாலு கிரவுண்டு என்று பத்திரத்தில் இருந்த மனையை அளந்தபோது, பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் கோணலாகத் திரும்பி, ஏறக்குறைய 500 சதுர அடி பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது. அந்தச் சுவரைக் கட்டி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் அதை மீட்க வழக்காடுவதில் பயனில்லை என்று முடிவாகி, அளந்து வந்த பரப்புக்கே விலை பேசினோம். இந்தப் பகுதி விலையில் 500 சதுர அடி என்பது வேறொரு பேட்டையில் ஒரு முழு அடுக்ககத்தின் விலை.

அடுத்து, தெருவின் மட்டம். சென்னையில் பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துவிட்டன. வீட்டு வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணுங்கள். கட்டியபோது நாலு படி இருந்திருக்கும். இப்போது ஒன்றரைப் படிதான் வெளியே தெரிகிறது என்றால் மற்றவை மண்ணுக்குள் இருக்கின்றன. வெளிக்கதவின் அடிப்பாகம் வெட்டிக் குட்டையாக்கப்பட்டிருந்தால் அதுவும் இதே கதையைத்தான் சொல்லும். மழைநாளில் தெருத் தண்ணீர் தோட்டத்துக்குள் வந்து, அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் எதுவரை ஏறியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என்ன நிலை என்று விற்பவரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுக் காவலாளியிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் கேட்பது நல்லது. வெள்ளையடித்த சுவரில் தெரியாத நீர்க்கோடு, மின்சார மீட்டர் பலகையின் பின்பக்கத்திலும் மர அலமாரிகளின் அடிப்பலகையிலும் தெரியும். தியாகராய நகரில் வாங்குகிறவர்கள், அந்தப் பேட்டையே 1920களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து உருவாக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். அங்கே அஸ்திவாரம் பற்றிய கேள்விக்கு மண் பரிசோதனைதான் பதில் சொல்லும்.

ஆற்றையோ கழிமுகத்தையோ ஒட்டிய மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்துகின்றனவா என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கடல் ஏற்றவற்றம் எட்டும் நீர்நிலைகளுக்கும் அவை பொருந்தும் என்பதால், கடற்கரையிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற நினைப்பில் விட்டுவிடக் கூடாது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதைகளும் இப்போது இந்தப் பகுதிகளுக்கு அடியில்தான் போகின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடம் ஆழ்வார்பேட்டை, போட் கிளப், நந்தனம் வழியாகவும், மாதவரத்திலிருந்து சிறுசேரி செல்லும் தடம் பசுமைவழிச் சாலை, அடையாறு வழியாகவும் போகிறது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் அடித்தளம் தோண்ட மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும்.

நான்காம் படி: என்ன கட்ட முடியும்?

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இங்கே அளவுகோல். உயரமில்லாக் கட்டடம் என்ற வகைக்கு, அதாவது 18.3 மீட்டருக்கு உட்பட்டவற்றுக்கு, தளப் பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண், 2. மனை 9,600 சதுர அடி என்றால் கட்டக்கூடியது 19,200 சதுர அடி. அகலமான சாலையில் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரை கிடைக்கும். கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் பிரீமியம் பரப்பும் சாலை அகலத்தைப் பொறுத்தே அமையும். ஆகவே தெரு அகலத்தை நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். "முப்பதடி ரோடு" என்று எல்லோரும் சொல்லும் தெரு, ஒரு முனையில் 27 அடியாகக் குறுகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மூன்றடியால் மனையின் மதிப்பு கோடிக்கணக்கில் மாறலாம். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடும் கணக்கில் சேரும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) கேட்டுவிடுங்கள். இருந்தால் இடிப்பதற்கு அனுமதி கிடைப்பது எளிதல்ல.

ஐந்தாம் படி: வீடு

இப்போதுதான் வீட்டுக்குள் போக வேண்டும். போகும்போது ஒரு டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், ஒரு மூங்கில் கழி, ஏணி ஆகியவை போதும்.

கூரை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பங்களாக்களில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும்: தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் அங்குலப் பருமனே உள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் அடித்து, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். இது கோடையில் தரும் குளிர்ச்சியை எந்தக் கான்கிரீட்டும் தராது. மொட்டை மாடியில் தட்டோட்டின் இணைப்புகளில் நீர் இறங்கத் தொடங்கினால் முதலில் பாதிக்கப்படுவது கட்டையின் நடுப்பகுதி அல்ல. சுவருக்குள் செருகியிருக்கும் அதன் முனைதான். ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல பர்மா தேக்கு குத்துக்கு இடம் கொடுக்காது. கெட்டுப்போனது பிஸ்கட் போலப் பொடியும். பத்து கட்டையில் இரண்டு கெட்டிருந்தால் மாற்றிவிடலாம். பாதிக்கு மேல் கெட்டிருந்தால், அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது மிகக் குறைவு என்பதால், செலவு கைமீறிப் போகும்.

1950களுக்குப் பிறகான வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். அக்காலத்தில் முறுக்குக் கம்பி இல்லை, வழவழப்பான உருட்டுக் கம்பியே போட்டிருப்பார்கள். கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மூடாக்கு பல வீடுகளில் அரை அங்குலம்கூட இருக்காது. கடற்காற்று வேறு. மூங்கில் கழியால் கூரையின் அடிப்புறத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும், காரை விட்டுப்போன இடம் பொத்தென்றும் ஒலிக்கும். குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே இருக்கும் தளத்தைத்தான் கூடுதலாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் சிறிது உடைத்து, புதிதாகத் தெரியும் கான்கிரீட்டில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் வரை அது அடர்ந்த ரோஜா நிறமாக மாறும். காரத்தன்மை போய்விட்ட பகுதி நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத அந்தப் பகுதி கம்பி வரை எட்டியிருந்தால், இன்றைக்கு வெடிப்பு தெரியாவிட்டாலும் துருவுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள்.

இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் கூடத்தில் அழகான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொய்க்கூரை இருந்தது. அறைகளையெல்லாம் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கவே, கூடமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி அறிக்கை கொடுத்துவிட்டேன். வாங்கியவர் அதைக் கழற்றியபோது, மேலே தளத்துக் கம்பிகள் எலும்புக்கூடு போல வெளியே தெரிந்தன. அதிலிருந்து, பொய்க்கூரை உள்ள அறைகளில் ஒரு பலகையையாவது திறக்கச் சம்மதிக்காத வீட்டுக்கு நான் அறிக்கை தருவதில்லை. பழைய வீட்டில் அண்மையில் அடித்த பெயின்டும், ஒரு சுவரில் மட்டும் ஒட்டிய மரப்பலகையும்கூட இதே சந்தேகத்துக்கு உரியவை.

சுவரில் மூலைவாட்டமாக அகலமாகிக்கொண்டே போகும் வெடிப்பு அஸ்திவாரம் அமர்ந்ததைக் காட்டலாம். காம்பவுண்டு ஓரத்து அரசமரமோ தூங்குமூஞ்சி மரமோ காரணமாக இருக்கலாம். கதவு நிலைகளின் அடியில் கரையான் மண்ணைத் தேடுங்கள். மின்சார வயரிங் மரச்சட்டத்தில் ஓடினால் முழுவதையும் மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே உப்பு தெரிந்துவிடும். கழிவுநீர் உண்மையிலேயே பொதுக் குழாயில் சேர்கிறதா, தோட்டத்துக்கு அடியில் பழைய செப்டிக் தொட்டிதான் இன்னும் வேலை செய்கிறதா என்பதை மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: கணக்கு

நோக்கம் எதுவானாலும் கட்டுமான நிறுவனம் போடும் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் உங்களோடு போட்டியிடுவது அவர்கள்தான். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். நாலு கிரவுண்டில் 19,200 சதுர அடி கட்டி, சதுர அடி 24,000 ரூபாய்க்கு விற்றால் 46.08 கோடி வரும். கட்டுமானச் செலவு 10.5 கோடி, அனுமதி, வட்டி, விற்பனைச் செலவுகள் 7 கோடி, இலாபம் விற்பனையில் 20 சதவீதம் என்று 9.2 கோடி ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 19.38 கோடி. இதற்குள்தான் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அடங்க வேண்டும். ஆகவே விற்பவர் கைக்குப் போகக்கூடியது ஏறத்தாழ 17.8 கோடி, கிரவுண்டுக்கு 4.45 கோடி. அவர் ஆறு கோடி கேட்டால், எந்த எண்ணை மாற்றினால் அது கட்டுப்படியாகும் என்று தேடுங்கள்; நியாயமாக எதையும் மாற்ற முடியவில்லை என்றால் அது ஆசை விலை.

குடியிருக்க வாங்குகிறவர்கள் பழுதுச் செலவை, அதே அளவு புதிய வீடு கட்டும் செலவோடு ஒப்பிட வேண்டும். என் அனுபவத்தில், கூரையும் அஸ்திவாரமும் நன்றாக இருந்தால் பழுது பார்ப்பதே மலிவு. கூரை போய்விட்டால் இடிப்பதே மலிவு. இடிக்க முடிவெடுத்தாலும் வீட்டுக்கு ஒரு விலை உண்டு. தேக்குக் கட்டை, கதவு, ஜன்னல், பழைய செங்கல் ஆகியவற்றுக்காக இடிப்பவர்களே உரிமையாளருக்குப் பணம் கொடுப்பது வழக்கம். ஆகவே விலை பேசும்போது அந்த மரங்கள் யாருக்கு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்; இல்லையென்றால் சாவி கைக்கு வரும்போது நிலைக்கதவு இருக்காது.

ஏழாம் படி: ஒப்பந்தம்

ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன், பிற்கால மூலதன ஆதாய வரி, வழக்கு என்று எது வந்தாலும் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மட்டுமே மதிப்பு. விலை 50 லட்சத்தை எட்டினால், இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாங்கும்போது 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வாரிசுகளில் வெளிநாட்டில் வசிப்பவர் இருந்தால், அவர் பங்குக்குப் பிடிக்க வேண்டிய விகிதம் இதைவிட மிக அதிகம். குறைந்த விகிதத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடமிருந்து அவர் முன்கூட்டியே பெறுவதற்கு ஒப்பந்தத்தில் காலக்கெடு வையுங்கள். அளவையில் வரும் பரப்புக்கே விலை என்ற நிபந்தனையும், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையும், வழக்கறிஞரின் கருத்து பாதகமாக வந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பின்கட்டில் பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் காவலாளியின் குடும்பத்தை விற்பவரே கௌரவமாக வேறிடத்தில் குடியமர்த்தி, அந்த அறை காலியான பிறகே மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கிரைய நாளன்று காலையில் ஒருமுறை நேரில் போய், அந்த அறையின் கதவையும் திறந்து பார்த்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.